உள்ளக் கருத்தும் உயிர்த் தண்டனையும்



போடிமெட்டு மலைச்சரிவுகளில் விளைந்த ஏலக்காயைப் போடிநாயக்கனூரில் வாங்கும் வணிகர், காயின் பசுமையை மட்டும் கண்டு விலை கூறார். தோலை உரித்து உள்ளிருக்கும் ஏலரிசியையும் பார்ப்பர். மனித நெஞ்சை அவ்வாறு உரித்துப் பார்த்தல் எவர்க்கும் இயலாது. ஆயினும் கொலை வழக்கில் நீதிமன்றம் அறிய வேண்டுவது அந்நெஞ்சின் கருத்தையே.

உள்ளத்தில் எழும் கொலையெண்ணத்தைப் பாவ ஹிம்சை என்றும், புறத்தே நிகழும் உயிர்க்கேட்டைத் திரவிய ஹிம்சை என்றும் சமண ஆன்றோர் பகுத்தனர். சட்டமும் செயலோடு கருத்தையும் சேர்த்தே எடை போடுகின்றது. கருத்து கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் கையாண்ட ஆயுதம், முன்னும் பின்னும் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைக் கொண்டே அது உய்த்துணரப்படும்.

1959-ஆம் ஆண்டு பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தம் மனைவியோடு தொடர்பு கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார். திடீர்ச் சினத்தால் நேர்ந்ததா, எண்ணிச் செய்ததா என்பதே வினா. ஜூரிகள் ஒன்பதின்மருள் எண்மர் அவரைக் குற்றமற்றவர் என்றனர். ஆனால் அவர் செய்தி அறிந்தபின் குடும்பத்தைத் திரையரங்கில் விட்டுவிட்டு, கப்பலுக்குச் சென்று, பொய்க் காரணம் கூறித் துப்பாக்கி பெற்றிருந்தார். அதனை நோக்கி உயர் நீதிமன்றம் கொலையென்றே கொண்டு ஆயுள் தண்டனை விதித்தது; 1961-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமிருக்கவில்லை. அப்பொறுப்பு இன்று நீதிபதிகளையே சார்ந்தது.

அவர்களுக்கும் அது எளிதன்று. 2000 பிப்ரவரி 2-இல் தருமபுரியில் போராட்டக் கும்பல் எரித்த பேருந்தில் வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் மாண்டனர். மூவர்க்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றமும், 2010-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2016-இல் மறுசீராய்வின்போது அதே உச்ச நீதிமன்றம், அது கூட்ட வெறியில் நேர்ந்ததென்றும், அம்மாணவியரைக் கொல்லும் முன்திட்டம் இல்லையென்றும் கருதித் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றம் நீங்கவில்லை, பெற்றோரின் துயரும் தீரவில்லை. ஆயின் ஒரே செயலிலிருந்து உணர்ந்த கருத்து மாறிற்று. இடையே தூக்கு நிறைவேறியிருப்பின் அத்திருத்தத்திற்கு வழியேது?

அரிதினும் அரிதான வழக்கிற்கே மரண தண்டனை என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியதன் அருமை இங்கே விளங்கும்.

இம்மலைத்தொடரிலேயே, கூடலூர்க்கு மேலே, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவில் மக்கள் ஏறிச் செல்கின்றனர். ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், உண்மை அறிந்ததும் தன்னுயிர் நீத்தான். அவன் நாணம் பெரிது. ஆயினும் கோவலன் மீளவில்லை. பிறர் நெஞ்சை உரைக்கப் புகும் நா, தான் தவறக்கூடும் என்பதை மறவாதிருத்தலே உயிரிரக்கத்தின் முதற்படி.