ஒக்கிப் புயலும் நமது விசுவாசமும்

(பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளாக இறைவன் நமக்குச் செய்த நன்மைகளுக்கு நன்றி கூற இன்று கூடியிருக்கிறோம். கோவிலையும் கெபியையும் கொடிமரத்தையும் எண்ணிக் காட்டுவது எளிது. ஆனால் குமரிக் கடற்கரையில் வாழும் நாம், 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளை ஒதுக்கிவிட்டு நன்றி கூற முடியாது.

அன்று குமரிக் கடலில் ஒக்கி புயலாக உருவெடுத்தது. ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்னரே கரையை விட்டிருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று பல ஊர்களில் ஆண்கள் திரும்பி வரவில்லை.

"சாமி, ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று அன்று கேட்காத தாய் இல்லை. பாவத்துக்கு வந்த தண்டனை என்று சொன்னவர்களும் உண்டு. அன்பர்களே, அந்தப் பேச்சை நம்பாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே தெளிவுபடுத்தினார். எலியாஸ் தீர்க்கதரிசியும் பெருங்காற்றில் ஆண்டவரைக் காணவில்லை.

அப்படியானால் எங்கே கண்டோம்? கோவில் முற்றத்தில் கண்டோம். அங்கேதான் காணாமற்போனவர்களின் பெயர்களை வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். மற்றப் படைகள் தேடியது போதாதென்று, மீனவர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு, அலை அடங்குமுன் தோழர்களைத் தேடிப் போனார்கள். டிசம்பர் 7-ஆம் நாள் பல்லாயிரம் பேர் குழித்துறை இரயில் நிலையத்தில் அமர்ந்து, தேடுதலை விரைவுபடுத்தக் கேட்டார்கள். அதுவும் ஒரு செபம்தான்.

ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. ஒக்கியில் உறவுகளை இழந்த திருவனந்தபுரக் கரையின் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தார்கள். கடலையே பாராத குடும்பங்களை வீட்டுக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. அரசு படகுக்கு நாளொன்றுக்கு ரூ. 3000 அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. துன்பம் அவர்கள் உள்ளத்தைக் கசப்பாக்கவில்லை. இதைவிட வேறு அருங்குறி எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு கடமை இன்னும் மீதியிருக்கிறது. உடல் கிடைக்காதவரின் மனைவிக்கு நிவாரணப் பணம் வந்திருக்கலாம். ஆனால் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளில், நாமெல்லாம் மெழுகுதிரி ஏந்திப் போகும்போது அவள் எங்கே போவாள்? புயலடித்த வாரத்தில் சோறு கொண்டுபோனவர்கள் நாம். ஆண்டுகள் கழிந்தபின் அவள் வாசலை மிதிக்கிறோமா? பிள்ளைகளின் படிப்பைக் கேட்கிறோமா?

ஆகவே இந்தப் பொன்விழாவின் நினைவாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வோர் அன்பியமும் இத்தகைய வீடுகளைப் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறையாவது சென்று வரட்டும். கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தோடு நில்லாமல் கடற்கரைக்கும் பவனியாகப் போவோம். கடல் கொண்டவர்களின் பெயர்களை அங்கே உரக்க வாசிப்போம்.

கடலின் மீது நடந்த ஆண்டவர் உங்கள் ஒவ்வொரு குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. மரியே வாழ்க!