தூக்குவது கையா, காலா?



நகரி விசைத்தறிக்குப் பேர்போன ஊர். பாவு சுற்றிய பீமைத் தூக்கித் தறியில் வைப்பது அங்கே தெரிந்த வேலை. பழகியவர் என்ன செய்கிறார்? முழங்காலை மடக்குகிறார். பீமை உடம்போடு அணைக்கிறார். காலை நிமிர்த்தி எழுகிறார். புதிதாக வந்த பையன் குனிந்து, கையை நீட்டி, முதுகால் இழுக்கிறான். பல்லைக் கடிக்கிறான். இரவில் இடுப்பு வலி அவனைத் தூங்க விடுவதில்லை.

ஆளை ஆள் தூக்கி எறியும் ஜூடோவிலும் இதே வித்தியாசம் உண்டு.

ஜூடோ ஜப்பானில் பிறந்தது. 1882-ல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ என்பவர் இதைத் தொடங்கினார். அவர் சிறிய உடம்புக்காரர். சிறு வயதில் பலசாலிப் பையன்களிடம் அடிபட்டவர். பெரிய ஆளைச் சின்ன ஆள் எப்படி வீழ்த்துவது? இதுதான் அவருடைய கேள்வி.

உறுதியாக நிற்கும் ஆளைத் தூக்குவது கடினம். பழகியவர் முதலில் அவரை முன்பக்கம் இழுப்பார். அவருடைய குதிகால் தரையை விட்டு எழும். அந்த நொடியில் பழகியவர் முதுகைக் காட்டித் திரும்புவார். முழங்காலை மடக்கி, தன் இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே கொடுப்பார். பிறகு காலை நிமிர்த்துவார். கடப்பாரைக்கு அடியில் கல் வைத்துப் பாறையைப் புரட்டுவார்கள் அல்லவா? இங்கே இடுப்புதான் அந்தக் கல். கைகள் பிடித்துத் திருப்பினால் போதும்.

பழகாதவர் கையாலும் தோளாலும் இழுப்பார். தசைக்குச் சுருங்கத்தான் தெரியும். தள்ளத் தெரியாது. முழங்கையை மடக்கும்போது மேல்கையின் முன்தசை சுருங்குகிறது. அப்போது பின்தசை தளர வேண்டும். பழகாதவருக்குப் பதற்றத்தில் இரண்டும் சேர்ந்து இறுகும். ஒரு மாடு முன்னே இழுக்க, இன்னொரு மாடு பின்னே இழுத்தால் வண்டி நகருமா? மாடுகள் களைத்ததுதான் மிச்சம்.

இது வெறும் பேச்சு இல்லை. தசை சுருங்கும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். தோலின்மேல் சின்னத் தகடு ஒட்டி அதை அளக்கலாம். எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று அதில் தெரியும். பழகப் பழக, வேண்டாத தசைகள் ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்கின்றன.

அதற்காகப் பலமே வேண்டாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இருவரும் பழகியவர் என்றால் பலசாலிக்கே வாய்ப்பு அதிகம். அதனால்தான் போட்டியில் எடை பார்த்துப் பிரிக்கிறார்கள். மணிப்பூர்ப் பெண் லிக்மாபாம் சுசீலா தேவி 48 கிலோ பிரிவில் மோதியவர். காமன்வெல்த் போட்டியில் 2014-லும் 2022-லும் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

ஜூடோவில் எறிவதற்கு முன்பே விழக் கற்றுத் தருகிறார்கள். முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தலை தரையில் படக் கூடாது. விழும்போது கையை நீட்டி மெத்தையை ஓங்கித் தட்ட வேண்டும். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவிவிடும். பழகாதவர் கையை ஊன்றி விழுவார். மணிக்கட்டு முறியும். ஆகவே ஆசிரியரும் மெத்தையும் இல்லாமல் பிள்ளைகள் இதை விளையாடிப் பார்க்கக் கூடாது.