தடுப்பூசியும் ஒரு நாள் பேரும்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அடுத்த முறை ஒரு புதிய தடுப்பூசி நாட்டுக்கு வரும்போது நம் தோட்டங்கள் வரிசையில் எங்கே நிற்கும்? நோய் வந்த பிறகு கூட்டம் போட்டால் காலம் போதாது. அதனால்தான் இன்றே பேசுகிறோம்.

2021 ஜனவரி 29ஆம் திகதி நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 லட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் அவை. முதலில் சுகாதார ஊழியர்களுக்கும் படையினருக்கும் போட்டார்கள். வைத்தியருக்கும் தாதிக்கும் முதலிடம் என்பதில் நமக்குச் சண்டையில்லை. மார்ச்சில் கோவாக்ஸ் திட்டத்தில் 2 லட்சத்து 64 ஆயிரம் வந்தது. பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும், முதல் ஊசி போட்ட லட்சக்கணக்கானோர் இரண்டாவது ஊசிக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கையிருப்பு குறைந்தால் யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே கூரையின் கீழ் லயத்தில் நெருங்கி வாழ்கிறவர்கள் நாம். நோயாளியைத் தனியாக வைக்க நமக்கு இன்னொரு அறை எங்கே?

"மையத்துக்கு வாருங்கள், எல்லாருக்கும் போடுவோம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மாதச் சம்பளக்காரர் ஊசிக்குப் போனால் சம்பளம் குறையாது. நம் பெண்கள் மலையிறங்கி, பஸ் பிடித்து, டவுனில் வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய பேர் போச்சு. மறுநாள் காய்ச்சலடித்தால் இன்னொரு பேர். அந்த வருடம் மார்ச்சில்தான் நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. இலவச ஊசிக்கு 2000 ரூபாவும் பஸ் காசும் போனால் அது என்ன இலவசம்?

சுகாதாரப் பணிமனையின் கஷ்டமும் நமக்குத் தெரியும். கோவிஷீல்ட் ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து. 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் குளிராக வைக்க வேண்டும். திறந்தால் 6 மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆட்கள் சேராவிட்டால் மிச்சம் வீண். ஆனால் ஆட்களைச் சேர்ப்பதுதான் நம் பலமே! காலையில் பிரட்டுக்களத்தில் நூறு பேர் நிற்கிறோம். பிள்ளை மடுவமும் டிஸ்பென்சரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊசி மேலே வரட்டும், ஆட்களுக்கு நாம் பொறுப்பு.

செய்ய முடியாத காரியமும் இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசி 2017இல் புதிதாக வந்தபோது, ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளைத் தேடிப் பாடசாலைக்கே போனார்கள். பிள்ளைகளை டவுனுக்கு வரச் சொல்லவில்லையே.

ஆகவே நிர்வாகத்திடமும் சுகாதார அதிகாரிகளிடமும் நாம் கேட்பது இதுதான். ஊசி தோட்டத்துக்கு வர வேண்டும். அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் மறுநாளும்தான். படிவமும் விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பென்சன் போன பெரியவர்கள் செக்ரோலில் இல்லை என்பதற்காக விடுபடக் கூடாது. கொழும்பில் வீட்டு வேலை செய்யும் நம் பிள்ளைகளை அங்கேயும் இங்கேயும் அலைக்கழிக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தலைவியும் லயம் லயமாகப் பட்டியல் கொண்டு வாருங்கள். 60 வயது தாண்டியவர், படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணிகள், அட்டை இல்லாதவர் எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று சங்கத்துக்கு, மற்றது குடும்பநல உத்தியோகத்தருக்கு.