கூடாரமும் கொள்ளைநோயும்



2021 ஜூலையில் நம் காலனியில் எழுந்த வாதம் பலருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த டில்லியில் பிராணவாயு உருளைக்காக அலைந்தவர்கள் நாம். ஊரடங்கு முற்றும் நீங்குமுன்பே, "மணாலிக்குச் சென்று கூடாரமடித்துத் தங்குவோம், திறந்த வெளியில் நோய் எளிதில் பரவாது" என்றனர் நம் இளைஞர்கள். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மூடிய அறையில் தேங்கி நிற்கும் நோய்க்கிருமி வெட்டவெளிக் காற்றில் கலைந்துவிடும்.

ஆனால், கூடாரத்தை அடையும் வழி வெட்டவெளியன்று. பத்து மணி நேரத்துக்கு மேல் பேருந்து. இடையில் சாலையோர உணவகம், கடைத்தெரு. அம்மாதமே மசூரிக்கு அருகிலுள்ள கெம்ப்டி அருவியில் கூட்டம் நெருக்கியடித்ததைக் கண்ட அதிகாரிகள், ஒரு நேரத்தில் 50 பேர், அதுவும் அரைமணி நேரமே என்று வரையறுத்தனர்.

மலைவாழ் மக்களையும் எண்ணினோம். 2020 நவம்பரில், லாஹுல் பகுதியின் தோரங் என்னும் சிற்றூரில் ஒரே ஒருவர் நீங்கலாக எஞ்சியோர் அனைவருக்கும் நோய் கண்டது. பக்கத்து ஸ்பிதி மக்களோ அவ்வாண்டு பயணிகளே வரவேண்டாமெனத் தாமே தீர்மானித்தனர். கிடைக்கும் வருவாயைக் கைவிட்டுச் செய்த தீர்மானம்!

நாம் போகவில்லை. கூடாரக்காரரிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை. 2022இல் சென்றபோது அவரே அதை மறவாமல் கணக்கில் கழித்துக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் ஆப்பிள் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் சென்றதாகச் சொன்னார்.