கோட்லின் கற்கும் மாணவருக்கு



இன்று நான் ஒரு மொழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அஃது எந்நாட்டு மக்களும் வாயால் பேசும் மொழியன்று. கைப்பேசியில் இயங்கும் செயலிகளை ஆக்குவதற்கு இக்காலத்தார் பெரிதும் கையாளும் நிரல்மொழி. கோட்லின் என்பது அதன் பெயர். ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே, பின்லாந்து வளைகுடாவில் அப்பெயருடைய தீவு ஒன்று உண்டு. மொழியை ஆக்கிய ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தார் அத்தீவின் பெயரையே அதற்கு இட்டனர். இதற்கு முன் ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் ஜாவா மொழியில் எழுதப்பட்டன. அதுவோ, நம் முன்னோர் சாவகம் என்று வழங்கிய தீவின் காப்பியை நினைந்து இடப்பட்ட பெயர். தீவுக்குப் பின் தீவு!

கோட்லின் 2011-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 2012-இல் அதன் மூலநிரல் யாவரும் காணத் திறந்துவிடப்பட்டது. 2016-இல் முதற்பதிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டுக்குரிய மொழிகளுள் ஒன்றாக இதனை ஏற்று, 2019-இல் இதற்கே முதலிடம் என்று அறிவித்தது. வரலாறு இவ்வளவு போதும்.

மூலநிரலைத் திறந்துவிடுதல் என்றேன். அதன் பெருமை அம்பத்தூரில் வாழும் எனக்கு நன்கு விளங்குகிறது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் தோன்றின. என்னிடம் படித்த பிள்ளைகளின் தந்தையர் பலர் கடைசல் எந்திரத்தின் முன் நின்று உழைத்தவர்கள். கைத்திறன் அவர்களுடையது, எந்திரமோ பிறருடையது. மாலையில் பட்டறையைப் பூட்டினால் அத்திறனும் உள்ளே பூட்டப்பட்டுவிடும். கோட்லினுக்கு அத்தகைய பூட்டு இல்லை. எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். அதன் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் பார்க்கலாம். திருத்திப் பிறர்க்கும் வழங்கலாம். செயலி அமைப்பதற்குரிய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்னும் கருவிக்கும் விலை இல்லை. அதற்குச் சற்று ஆற்றல் மிக்க கணினி தேவை என்பது மெய்யே. கணினி இல்லாதவர், கோட்லின் பிளேகிரவுண்டு என்னும் இணையப் பக்கத்தைக் கைப்பேசியிலேயே திறந்து சிறு நிரல்களை எழுதி இயக்கிப் பார்க்கலாம்.

கருவி எளிதிற் கிடைப்பதனாலேயே கல்வியும் எளிதிற் கிடைத்துவிடும் என்று கருதற்க. முப்பதே நாளில் செயலி செய்யக் கற்பிப்போம் என்னும் விளம்பரங்களை நானும் காண்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் தொழில் பயில வரும் இளைஞருக்கு முதலில் தருவது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும். அதை இராவி இராவிப் பக்கங்களைச் சமமாக்குவதிலேயே வாரங்கள் கழியும். நிரல் கற்பதற்கும் அத்தகைய இராவும் பருவம் ஒன்று உண்டு. பிறர் எழுதியதைப் படியெடுத்து ஒட்டுபவர்க்கு அப்பருவம் வாய்ப்பதில்லை. நாள்தோறும் பத்து வரியேனும் தாமே எழுதி, பிழை காட்டப்பெற்று, திருத்தி எழுதுவோர்க்கே அது வாய்க்கும்.

“ஐயா, எனக்கு ஆங்கிலம் சரியாக வராதே, நான் கற்கலாமா?” என்று கேட்கும் மாணவர் பலர். நிரல்மொழியில் நாம் மனங்கொள்ள வேண்டிய ஆங்கிலச் சொற்கள் சில பத்தே. சிந்தனையோ தமிழிலேயே நடக்கலாம். இதனை மெய்ப்பித்துக் காட்டியவர் அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை. அவர் ஆக்கி 2009-இல் அறிவித்த ‘எழில்’ முழுவதும் தமிழ்ச் சொற்களால் ஆன நிரல்மொழி. அதுவும் திறந்த மூலத்தது. ஆங்கிலத்தைத் தழுவிய மொழிகளில் ‘இஃப்’ என்னும் சொல் முன்னே நிற்க, நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனையை முன்னே எழுதி, ‘ஆனால்’ என்னும் சொல்லைப் பின்னே எழுதுகிறோம். மதிப்பெண் 35-க்கு மேல் ஆனால், தேர்ச்சி என்று பதிப்பி. நம் வாக்கியம் நடக்கும் நடையே அது. கைப்பேசிச் செயலிக்கு எழில் ஏற்றதன்று. தொடக்கப் பயிற்சிக்கு மிக ஏற்றது. அதில் ஒரு மாதம் பழகியவர் கோட்லினைக் கண்டு அஞ்சமாட்டார்.

இனிக் கோட்லினுக்குள் நுழைவோம். அதில் ஒரு செய்திக்குப் பெயரிட்டு வைக்க இரு சொற்கள் உண்டு. ஒருமுறை இட்டபின் வேறொன்றை அவ்விடத்தில் இட இயலாததற்கு ‘வால்’, மாறக்கூடியதற்கு ‘வார்’. வால் என்றதும் சிரிக்கிறீர்கள், சிரித்தால் மறக்காது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த நாள் வால். பயிலும் வகுப்பு வார்.

இவற்றினும் சிறந்தது மற்றொன்று. மதிப்பெண் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவன் பெயருக்கு நேரே சுழி இருந்தால், தேர்வு எழுதினான், மதிப்பெண் பெறவில்லை என்று பொருள். ‘வரவில்லை’ என்றிருந்தால் பொருள் வேறு. கட்டம் வெறுமையாக இருந்தால்? ஆசிரியர் எழுத மறந்தாரா, விடைத்தாள் திருத்தப்படவில்லையா, பையன் பள்ளி மாறிப் போனானா, ஒன்றும் விளங்காது. அதனைச் சுழியாகக் கொண்டு கூட்டல் போட்டுவிட்டால் ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகலாம். வெறுங்கட்டம் உள்ள பதிவேட்டில் கையொப்பமிடுவதில்லை என்பது தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் எனது விதி.

கணினியிலும் இவ்வெறுங்கட்டம் உண்டு. ‘நல்’ என்பது அதன் பெயர். தமிழில் நல்லதைக் குறிக்கும் அவ்வொலி அங்கே இன்மையைக் குறிக்கிறது. 1965-இல் இதனை நிரல்மொழியில் புகுத்திய ஆங்கில அறிஞர் டோனி ஹோர், 2009-இல் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். வெறுங்கட்டத்தை நிறைந்த கட்டமாகக் கருதித் தொட்டவுடன் நிரல் நின்றுபோவதே காரணம். கோட்லினை வகுத்தவர்கள் இதற்கு ஒரு கட்டுப்பாடு செய்தனர். எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடுமோ, அதன் வகைப்பெயருக்குப் பின் ஒரு வினாக்குறி இடவேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண் சிலரிடம் இல்லாமற் போகலாம், அங்கே வினாக்குறி. பின்னர் அவ்வெண்ணைப் பயன்படுத்தும் இடத்தில், அஃது இல்லையேல் என்ன செய்வது என்பதை நீங்கள் கருதி எழுதாவிட்டால், நிரலை எந்திரத்துக்கேற்ப மாற்றும் தொகுப்பி ஏற்க மறுத்துவிடும்.

ஆனால் தொகுப்பியின் கண்டிப்பு எட்டாத இடமும் உண்டு. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து நேரம் காட்டும் செயலி ஒன்றை ஒரு மாணவர் அமைக்கிறார் என்று கொள்வோம். திரையை அமைக்க அவர் கையாளுவது கோட்லினில் எழுதப்பெற்ற ஜெட்பேக் கம்போஸ் என்னும் தொகுதி. அதில் ஒரு படத்தை வைக்கும்போதெல்லாம், இப்படத்திற்கு விளக்கம் யாது என்று அது கேட்கும். விடை தந்தே ஆகவேண்டும். அழகுக்காக மட்டும் வைத்த படமாயின், ‘நல்’ என்று எழுதலாம் என்பது விதி. சோம்பல் உள்ளவர் எல்லாப் படத்துக்கும் ‘நல்’ என்று எழுதி முடித்துவிடுவார். தொகுப்பி தடை சொல்லாது. செயலி நன்றாகவே ஓடும். ஆசிரியர் முழு மதிப்பெண்ணும் வழங்கிவிடக் கூடும்.

அந்த விளக்கம் எவருக்காகக் கேட்கப்பட்டது? பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடைய மாணவருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அவ்வூரிலேயே இருக்கிறது. அங்குப் பயில்வோர் டாக்பேக் என்னும் வசதியைக் கொண்டு கைப்பேசியைச் செவியாற் படிக்க முடியும். விரல் தொட்ட இடத்தில் உள்ளதை அது குரலாற் சொல்லும். பேருந்துப் படத்தையே பொத்தானாக வைத்து, விளக்கத்துக்கு ‘நல்’ என்று எழுதியிருந்தால், பெயரில்லாப் பொத்தான் ஒன்று இங்கே உள்ளது என்பதற்கு மேல் அதனால் யாதும் சொல்ல இயலாது. பூந்தமல்லிப் பேருந்துக்காக நிற்பவர்க்கே அச்செயலி பயன்படாமற் போகிறது. ‘பேருந்து நேரம் காண்க’ என்ற மூன்று சொல் இருந்தால் போதும். பச்சை நிறமானால் பேருந்து வருகிறது, சிவப்பானால் இல்லை என்று நிறத்தால் மட்டும் உணர்த்துவதும் இத்தகையதே.

ஆகவே செயலி எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்து பார்த்தல் நன்று. கைப்பேசி அமைப்புகளில் அணுகல்தன்மை என்னும் பகுதியில் டாக்பேக்கை இயக்குங்கள். அப்போது ஒருமுறை தொட்டால் அது படிக்கும். இருமுறை தட்டினால்தான் பொத்தான் இயங்கும். பழகச் சிறிது நேரம் ஆகும். பிறகு கண்களை மூடிக்கொண்டு, நீங்களே எழுதிய செயலியில் அடுத்த பேருந்து எப்போது என்று கண்டுபிடியுங்கள். அதிலும் தேறினால், பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, அவர் கையாளுவதைக் கவனியுங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் நின்று விளக்கம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.