மலையில் கேட்க வேண்டிய கேள்வி

2024 மார்ச் 6-ஆம் தேதி தமிழக அரசு ‘நீங்கள் நலமா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலமைச்சரும் அமைச்சர்களும் அதிகாரிகளும் நலத்திட்டப் பயனாளிகளைத் தொலைபேசியில் அழைத்து, உதவி ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று கேட்பதுதான் அதன் சாரம். அரசு மக்களிடம் கருத்துக் கேட்பதை யாரும் குறை சொல்ல முடியாது. மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்து பழகியவர்களுக்கு, அரசே கூப்பிட்டு விசாரிப்பது பெரிய மாற்றம்தான். ஆனால் இதே முறையை ஜவ்வாது மலைக்கு ஏற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? சேவை எங்கே மிகக் குறைவோ, அங்கேதான் குறை மிகக் குறைவாகப் பதிவாகும் என்பது என் வாதம்.

பயனாளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டுதான் அழைக்கிறார்கள். உதவி கிடைக்காதவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இந்த மலையில் பல உதவிகளுக்கு வாசல் சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவர் அலுவலகமோ கீழே, சமவெளியில் இருக்கிறது. சான்றிதழ் வராமல் படிப்பை விட்ட பிள்ளை உதவித்தொகைப் பயனாளி ஆவதில்லை, அதனால் அந்த வீட்டுக்கு யாரும் போன் செய்யப் போவதும் இல்லை. செய்தாலும் சிக்னல் கிடைக்க வேண்டுமே! 108 ஆம்புலன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தில் 2008 முதல் ஓடும் அந்தச் சேவையைச் சமவெளியில் பாராட்டாதவர் குறைவு. 2023 மே மாதம், இந்த மலைத்தொடரின் வேலூர் பக்கம், அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்தது. உடலை ஏற்றித் திரும்பிய ஆம்புலன்ஸ், மேலே சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றுவிட, தாய் பிள்ளையைச் சுமந்துகொண்டு நடந்தார். வண்டியில் ஏறி உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தவர்களிடம் மட்டும் ‘சேவை எப்படி இருந்தது’ என்று கேட்டால் நல்ல மதிப்பெண் வரும். வண்டி ஏற முடியாத ஊர்க்காரர்கள் அந்தக் கணக்கில் எங்கே வருவார்கள்?

சராசரி என்பதும் மலைக்கு எதிராகவே வேலை செய்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் பழங்குடியினர் 1.1 சதவீதம். மாநிலம் முழுவதும் ஆயிரம் பேரைப் பொறுக்கி எடுத்துக் கேட்டால் அவர்களில் பழங்குடியினர் ஏறத்தாழ 11 பேர். நீலகிரி, கல்வராயன், கொல்லிமலை, சேர்வராயன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 11. ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் அதில் அகப்பட்டால் அதிர்ஷ்டம். மாவட்ட அளவில் எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகு இந்த மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று ஆட்சியர்களின் பொறுப்பில் இருக்கிறது. மலை ஊர்களில் ஜமுனாமரத்தூர் ஒரு கணக்கிலும் பீஞ்சமந்தை இன்னொன்றிலும் புதூர்நாடு மூன்றாவதிலும் சேர்கின்றன. மூன்றிலும் பெருந்தொகை மக்கள் சமவெளியில். மலையின் குறை மூன்று கணக்கிலும் கரைந்துபோகும்.

சரி, நேரில் போய்க் கேட்டால்? அப்போதும் ‘திருப்தியா’ என்ற கேள்வி மலையில் பயன்படாது. திருப்தி என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. டோலி கட்டி நோயாளியைத் தூக்கிப் பழகிய ஊரில், மாதம் ஒருமுறை செவிலியர் வந்தாலே ‘பரவாயில்லைங்க’ என்பார்கள். நகரத்தில் அதே நிலைக்கு மறியல் நடக்கும். கேட்பவர் யார் என்பதும் இருக்கிறது. ரேஷன் கடைக்காரரே ரேஷனைப் பற்றியும், வனத்துறைக்காரரே வனத்துறையைப் பற்றியும் கேட்டால் நல்லதைத் தவிர வேறு என்ன வரும்? 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அந்த நினைவு இருக்கும் மலையில், நோட்டுப் புத்தகத்தோடு வரும் அந்நியரிடம் யாரும் சட்டென்று மனம் திறந்துவிட மாட்டார்கள். பெங்களூரில் சாமுவேல் பால் 1990-களில் தொடங்கிவைத்த மக்கள் மதிப்பீட்டு அட்டை முறையில், எதைக் கேட்பது, யார் கேட்பது என்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. கணக்கெடுத்தவர்கள் திருப்தியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. எத்தனை முறை அலுவலகம் போனீர்கள், வேலை முடிந்ததா, லஞ்சம் கொடுத்தீர்களா என்றும் கேட்டார்கள். கேட்டவர்கள் அந்தத் துறைகளின் ஆட்கள் அல்ல. வந்த எண்களைத் துறைவாரியாகப் பத்திரிகைகளிலும் வெளியிட்டார்கள். 1994 அறிக்கையில் பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் முழுத் திருப்தி என்றவர்கள் வெறும் 1 சதவீதம். 2003-இல் மூன்றாவது அறிக்கை வந்தபோது பெரும்பாலான துறைகளின் நிலை வெகுவாக உயர்ந்திருந்தது. அட்டை ஒன்றினாலேயே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை; ஆனால் எண்கள் ஊரறிய வந்த பிறகு அதிகாரிகள் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த முறையை மலைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. சாலை இல்லாதது சுகாதாரத் துறையின் குற்றமா? காட்டு நிலத்தில் சாலை போட அனுமதி வேண்டும். அந்தக் கோபத்தைச் செவிலியர் மேல் இறக்குவது சரியா? சரியல்ல. அதனால்தான் ‘யார் மேல் குறை’ என்று கேட்காமல் ‘என்ன நடந்தது’ என்று கேட்க வேண்டும். எந்த இடத்தில் வண்டி நின்றது, அங்கிருந்து எவ்வளவு தூரம் தூக்கினீர்கள் என்ற பதில்கள் சேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது தானே தெரியும். 2006 வன உரிமைச் சட்டமே சாலை, மருந்தகம், பள்ளி போன்ற தேவைகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. அந்தப் பரிந்துரைக்கு இந்தப் பதில்களே ஆதாரமாகும்.

கிராம சபை இருக்கும்போது தனியாகக் கணக்கெடுப்பு எதற்கு, செலவுதானே என்பார்கள். ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது, உண்மை. ஆனால் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் வெளியே போனவர்கள் அதில் உட்கார முடியாது. பெண்கள் வந்தாலும் பேசுபவர் ஊர்ப் பெரியவர்களாகவே இருப்பார்கள். ஆகவே வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் பொங்கலை ஒட்டி, மலையின் மூன்று மாவட்டப் பகுதிகளையும் ஒரே அலகாக வைத்து, வீடு வீடாகக் கேட்கலாம். சமவெளிக் கல்லூரிகளில் படிக்கும் மலைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து இந்த வேலையைத் தரலாம்; செலவு பெரிதாக இராது. முடிவை ஜனவரி 26 கிராம சபையில் எல்லாரும் கேட்க வாசிக்கட்டும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவியையும் ஒரு தேதியையும் எழுதி வைத்தால், மே 1 சபையில் ஊரார் முதலில் அந்தத் தாளைக் கேட்பார்கள்.