மூன்று கணவாய்களும் ஒரு மோட்டார் சைக்கிளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மோட்டார் சைக்கிளில் மலைநாட்டைச் சுற்றி வந்த அனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு நம் இளைஞர்கள் என்னைப் பணித்தார்கள். அவர்களுடைய உள்நோக்கம் எனக்குத் தெரியாததன்று. "போய் வரலாம்" என்று நான் சொல்ல வேண்டும். அதைத் தாய்மார்கள் கேட்க வேண்டும்! ஆகவே இரு சாராருக்கும் பொதுவாகச் சில சொல்ல விழைகிறேன்.

நம் முன்னோரிற் பலர் ஆரல்வாய்மொழி வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ இவ்வூருக்கு வந்தவர்கள். நாமோ இரயிலில் உறங்கியபடியே ஊர் போய்ச் சேர்கிறோம். மலையை நாம் பார்ப்பதேயில்லை. அதைப் பார்க்கவே நான் புறப்பட்டேன். நான்கு நாள், எழுநூறு கிலோமீட்டருக்கு மேல்.

முதல் நாள் நெடுமங்காடு, குளத்துப்புழை, தென்மலை வழியே ஆரியங்காவை அடைந்தேன். 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை இரயில் பாதை அருகிலேயே செல்கிறது. ஆரியங்காவுச் சாஸ்தாவுக்கு மணமகளான புஷ்கலையைத் தங்கள் குலப்பெண்ணாகவே மதுரைச் சௌராஷ்டிரப் பெருமக்கள் போற்றுகிறார்கள். மார்கழிதோறும் பெண் வீட்டாராக மலையேறி வந்து திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியும் சம்பந்தம் மாறவில்லை.

அடுத்து இராஜபாளையம், தேனி, கம்பம் கடந்து குமுளிக்கு ஏறினேன். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகி, கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகிறது. அணையைக் குறித்து இரு மாநிலங்களுக்கும் உள்ள வழக்கை நாடறியும். அந்த வயல்களைக் கண்ட பிறகு, அணைக்குக் கீழே மேற்கில் வாழ்வோரின் அச்சத்தையும் எண்ணிப் பார்த்தேன். இரண்டையும் அறிந்து பேசக் கூடியவர்கள், இங்கு வாழும் நம்மைப் போன்றவர்களே.

குமுளியிலிருந்து இறங்கும்போதுதான் என் அறியாமை வெளிப்பட்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் அது சூடேறிப் பிடிப்பை இழந்தது. மலைச்சுவரோரமாக வண்டியை ஒதுக்கி ஒருவாறு நிறுத்தினேன், கைகள் நடுங்கின. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, "அண்ணே, ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக்க நம்பி மலை எறங்கக் கூடாது" என்றார். இன்ஜினே வண்டியைத் தடுத்துப் பிடிக்குமாம். அரை மணி நேரம் பிரேக் ஆறும்வரை அவர் சொன்ன பாடம் ஆயிரம் ரூபாய் பெறும்.

மூன்றாம் நாள் விடியலில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றையும் கடந்தபோது உள்ளத்தில் ஒரு பெருமிதம். அப்போது ஜீப்புகள் வரிசையாக என்னைக் கடந்தன. உள்ளே நெருங்கி அமர்ந்திருந்தவர்கள், மடியில் தூக்குவாளியோடு ஏலத்தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள். நான் வீரச் செயலாக எண்ணிய ஏற்றம் அவர்களுக்கு நாள்தோறும் இரு வேளைக் கடமை. என் பெருமிதம் அந்த வளைவிலேயே இறங்கிவிட்டது.

மூணாற்றின் தேயிலைச் சரிவுகள் கண்ணுக்கு விருந்தே. ஆனால் அதை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்தில் வேர் கொண்ட குடும்பத்தினர். செய்தி வெளியே எட்டியது மறுநாட் காலையிலேதான். பிழைப்புக்காக மலை கடந்தவர்கள் நாமும்தாம். நமக்குக் கிடைத்தது நகரம். அவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சரிவு. அந்தப் பச்சையின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றேன்.

தாய்மார்களே, பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். தலைக்கவசம் அணியவும், மழைக்காலத்தைத் தவிர்க்கவும், இருட்டுமுன் தங்குமிடம் சேரவும் உறுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். இளைஞர்களே, மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவன் வழிவிட வேண்டும். விடியலில் அந்த ஜீப்புகள் எதிரே ஏறி வந்தால், ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம்.